மூன்று மீட்டர்

அபர்டீனில் மழை மேலிருந்து பெய்வதில்லை.
கடலிலிருந்து பக்கவாட்டில் வரும்,
கடன்காரன் மாதிரி
நேரே முகத்துக்கு.

கருங்கல் தேவாலயத்தின் பின்முற்றம்.
மணிக்கூண்டுக்குச் சாரம் கட்ட வந்திருக்கிறோம்.
லாரியில் இரண்டு வகைக் குழாய்,
எஃகும் அலுமினியமும்.
ஒரே விட்டம். ஒரே கப்ளர் இரண்டையும் கவ்வும்.
இருட்டில் தொட்டால் இரட்டைப் பிள்ளைகள்.
தோள்தான் பிரித்துச் சொல்லும்:
ஆறு மீட்டர் எஃகு இருபத்தாறு கிலோ,
அலுமினியம் பத்து.

மதிய ரொட்டி நேரத்தில் பந்தயம் மூண்டது.
"அதிகம் வளைவது எதுவோ அதுதான் சோப்ளாங்கி" என்றான் மக்னஸ்.
நூறு கிலோ ஆள். பேச்சு அதற்கும் மேலே.
இரண்டு முக்காலி, நடுவே மூன்று மீட்டர்.
டெவினாவின் தலையைப் பிடித்துக்கொண்டு
எஃகின் நடுவில் ஏறி நின்றான்.
குனிந்து டேப் வைத்தேன்.
இரண்டு சென்டிமீட்டர் தொய்ந்திருந்தது.
அலுமினியத்தில் ஏறினான்.
ஐந்தரை.
எல்லோரும் ஓவென்று கத்தினார்கள்.
ஐந்து பவுண்டு கை மாறப் பார்த்தது.

"இறங்கு" என்றேன்.
இறங்கினான்.
குழாய் நேரானது,
எஃகு நேரானது போலவே,
எதுவும் நடக்காதது போலவே.

வளைவது ஒரு கணக்கு.
வளைந்தது திரும்பாமல் போவது வேறு கணக்கு.
அந்த இரண்டாவது கணக்கில்
எங்கள் லாரியில் கிடக்கிற இரண்டும்
ஏறக்குறைய ஒரே வரியில் நிற்பவை.
மூன்று மடங்கு வளைந்தது முதலில் சாகும் என்று
யார் சொன்னது?
கண்தான்.
கண்ணுக்கு அளக்கத் தெரிந்தது அவ்வளவுதான்.

பந்தயப் பணத்தில் சூப் வாங்கினோம்.
ஆறிப்போயிருந்தது.

கூண்டுக்குள்ளே பழைய மரச்சட்டங்கள்.
இத்தனை கிலோவுக்கு மேல் ஒரு கிலோ ஏறக்கூடாது என்று
பொறியாளரின் தாள் சொல்கிறது.
எஃகைத் தொங்கவிட்டால்
தன்னைத் தானே சுமப்பதற்கே
பாதியைத் தின்றுவிடும்.
ஆகவே உள்ளே அலுமினியம்.
வெளியே, காற்றோடு மல்லுக்கு நிற்க, எஃகு.
"ரெண்டையும் ஒரே கட்டில் கலக்காதே!"
ஃபெர்கஸ் கீழிருந்து கத்தினார்.
பக்கம் பக்கமாகப் பூட்டினால்
விறைத்து நிற்பவன் தலையிலேதான் பாரம் இறங்கும்,
வளைந்து கொடுப்பவன் வேடிக்கை பார்ப்பான்.
எனக்கு வீடு ஞாபகம் வந்தது.
எங்களில் யார் எது என்றுதான் தெரியவில்லை.

"அப்போ உள்ளே தொட்டில் ஆடுமே?"
மக்னஸ் விடுவதாயில்லை.
ஃபெர்கஸ் வேறு குழாய் எடுக்கவில்லை.
முக்காலி ஒன்றைக் காலால் உதைத்துத் தள்ளினார்.
மூன்று மீட்டர் ஒன்றரையானது.
"இப்போ ஏறு."
ஏறினான். டேப் வைத்தேன்.
ஏழு மில்லிமீட்டர்கூட இல்லை.
இன்னொரு தடவை வைத்தேன்.
தூரம் பாதியானால் தொய்வும் பாதியாகும்
என்றுதான் யாரும் நினைப்பார்கள்.
எட்டில் ஒன்றாகிவிடுகிறது.

ஆர்ச்சி வடகடலில், எண்ணெய் மேடையில்.
மூன்று வாரம் அங்கே, மூன்று வாரம் இங்கே.
ஞாயிற்றுக்கிழமை மட்டும் போன்.
போன ஞாயிறு கேட்டான்,
"இஷ்பெல், நீ முன்னே மாதிரி உறுதியா இல்லையே?"
அப்போது என்னிடம் பதில் இல்லை.
துணி உலர்த்தியைப் பற்றிப் பேசினேன்.

இன்று இரவு நானே கூப்பிட்டேன்.
புதன்கிழமையும் பேசலாமா என்றேன்.
அந்தப் பக்கம் காற்று, ஏதோ பம்பு ஓடும் சத்தம்.
"ஏன்? என்ன ஆச்சு?"
"ஒன்னும் ஆகலை.
குழாய் நல்ல குழாய்தான்.
இடைவெளிதான் நீளம்."

அவனுக்குப் புரியவில்லை.
புதன் எத்தனை மணிக்கு என்று
கேட்டுக்கொண்டான்.